சக்கரம் வைத்த நந்தியாவட்டை

எங்கள் வளாகத்தில் நந்தியாவட்டைச் செடி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் ஹைதராபாத் லோத்குண்டாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வரும் படத்தில், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், அந்தச் செடி வெள்ளைவெளேரென்று பூத்து நிற்கும். படத்தின் மேலே 'காலை வணக்கம்' என்று எழுதியிருக்கும். கீழே எல்லோரும் கை கூப்புவார்கள்.

அந்தப் படத்தை அனுப்புகிறவர் இரண்டாவது மாடி கல்பகம் மாமி. அவருக்கு எதிர் வீடு நாங்கள். நான் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று முடிவாகாமல் வீட்டில் இருக்கிறேன். வேலை இல்லாதவளுக்குச் சந்தேகம்தான் வேலை என்று அம்மா சொல்வாள். இருக்கலாம். ஆனால் மாமியைப் பற்றி இங்கே ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். சிலர் அவரை ஏமாற்றுக்காரி என்கிறார்கள், சிலர் தியாகி என்கிறார்கள். இரண்டும் இல்லை. எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாமிக்கு ஊர் மாயவரம். கல்யாணமாகி ஹைதராபாத் வந்தபோது வயது இருபத்திரண்டு. விஸ்வநாத் மாமாவுக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. என்ன வேலை என்று ஓய்வு பெறும்வரை அவர் வீட்டில் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சொல்லவில்லை. "கேட்டா பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா பிடிச்சுப்பார்" என்பார் மாமி. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அந்த வரிசைப் பிள்ளைகள் எல்லோருடைய சயின்ஸ் ரெக்கார்டிலும் தவளையையும் இதயத்தையும் செம்பருத்திப் பூவையும் வரைந்து கொடுத்தது மாமிதான். பெரியவர்கள் போட்ட படம் என்று டீச்சருக்குத் தெரிந்துவிடாதபடி, ஒவ்வொரு படத்திலும் ஒரு கோட்டை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாகப் போடுவாராம். அது தவிர, அவர் கை வரைந்தது வாசல் கோலம் மட்டும்.

லாக்டவுன் சமயத்தில் அவர் மகன் ஸ்ரீகாந்த் கச்சிபௌலியிலிருந்து தன் பழைய டேப்லெட்டை, திரையில் எழுதும் பேனாவோடு, கொண்டுவந்து கொடுத்தான். ஆன்லைனில் பாராயண வகுப்பு பார்க்கத்தான் கொடுத்தான். மாமி பாராயணத்தை ஓடவிட்டு, மறுபக்கம் படம் வரையும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் வேலை செய்யும் விதத்தை நான் எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காலை நடை முடிந்ததும் தெலுங்குக்காரரான மல்லிகாரு வீட்டுக் காருக்குப் பின்னால், எப்போதும் அதே இடத்தில் நின்று, கேட்டைப் பார்த்து ஒரு போட்டோ எடுப்பார். காபி குடித்துவிட்டு டைனிங் டேபிளில் உட்காருவார். முதலில் கம்பிகளை எடுப்பார். ஒரு இடத்தைத் தொட்டு, அதை அப்படியே அள்ளி இன்னொரு இடத்தின் மேல் பூசுவார். வானத்தை எடுத்துக் கரண்ட் கம்பியின் மேல். சுவரை எடுத்து போஸ்டரின் மேல். மண்ணை எடுத்துக் குப்பையின் மேல். பிறகு பேனாவால் இலை இலையாக வரைவார். கடைசியில் ஆகாயத்தில் கொஞ்சம் ரோஜா நிறம். அசல் போட்டோவை அழித்துவிடுவார், போனில் இடம் இல்லை என்று. எல்லாவற்றையும் இணையத்தில் சேர்த்துவைக்கலாம் என்று ஸ்ரீகாந்த் சொன்னதற்கு, "என் போட்டோ ஏன் யாரோ ஒருத்தர்கிட்ட இருக்கணும்? நன்னா இருக்கே!" என்று சொல்லிவிட்டார்.

"மாமி, இது போட்டோவா, டிராயிங்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போட்டோதான்டி. கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன், அவ்ளோதான்."

"மரம் நம்ம மரம். பூ நம்மது இல்லையே."

"ஆத்துக்கு நாலு பேர் வரான்னா ஹாலைப் பெருக்கி, நல்ல பெட்ஷீட்டா போட மாட்டோமா? அதுக்குப் பேர் பொய்யா?"

"பெட்ஷீட் நம்மகிட்ட இருக்கு மாமி. நந்தியாவட்டை இல்ல."

"மாயவரத்துல இருந்ததுடி. போ, கேள்வி கேக்கற நேரத்துக்கு ஒரு காலேஜ் அப்ளிகேஷனைப் போடு."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. எவ்வளவு துடைத்தால் போட்டோ படமாகிறது? ஒரு கம்பியை எடுத்தால் போட்டோ. பத்துக் கம்பி? நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று மாமிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால் அவர் அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. எங்கள் எதிர்ப்புறம் ராணுவ இடம். மதில் முழுக்க 'போட்டோ எடுக்கத் தடை' என்று பலகை. ஒரு நாள் ஒரு சிப்பாய் சாலையைத் தாண்டி வந்து மாமியின் போனைக் கேட்டான். அன்றைக்கான போட்டோவை மாமி இன்னும் எடுக்கவே இல்லை. முந்தின நாள் படத்தைக் காட்டினார். மதில் இல்லை, பலகை இல்லை, கம்பி வேலி இல்லை. ரோஜா நிற ஆகாயம். அவன் படத்தைப் பார்த்தான், எங்கள் கேட்டைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "யே கஹாங் கா ஹை, மாதாஜி?", இது எந்த இடம் அம்மா, என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

ஆண்டனி அண்ணன் கதை வேறு. தூத்துக்குடிக்காரர், கச்சிபௌலியில் வேலை. அவ்வளவு தூரம் தள்ளி எங்கள் குடியிருப்பில் வீடு எடுத்ததே மாமியின் படம் எவர் மூலமோ அவர் போனுக்குப் போனதால்தான். "ஏ, இம்புட்டு அமைதியான இடமா" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பால் காய்ச்சிய அன்று பால்கனிக் கதவைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் டிரான்ஸ்பார்மர்.

"ஆன்ட்டி, போட்டோல இது இல்லியே?"

"அது அழகா இல்லையே கண்ணா."

"அழகா இல்லைன்னா? அது என் பெட்ரூமுக்கு நேரா உறுமிக்கிட்டுல்லா கெடக்கு!"

அன்றிலிருந்து அவருக்கு மாமி 'கிராபிக்ஸ் ஆன்ட்டி'.

எல்லோரையும்விடச் சந்தேகக்காரர் எங்கள் சங்கத்தின் செயலாளர் நாராயணஸ்வாமி சார். ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் முதல் தடவையில் பாஸ் செய்ததில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்வார். மாமியின் படத்துக்கு எல்லோரும் கை கூப்பினால் இவர் மட்டும் 'எடிட்டட்?' என்று ஒரு வார்த்தை போடுவார். தினமும். ஒரே ஒரு நாள்தான் அவர் அப்படிப் போடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் புதிய கேட் வைத்துப் பூஜை போட்ட நாள். அந்தக் கேட் அவருடைய முயற்சி. மாவிலைத் தோரணமும் பூசணிக்காயுமாக மாமி அனுப்பிய படத்துக்கு அன்று அவர் போட்ட பதில்: 'பியூட்டிஃபுல். நேச்சுரல்.'

இனி யாதம்மா.

யாதம்மா எங்களுக்கெல்லாம் துணி இஸ்திரி போடுகிறவர். கேட்டுக்கு உள்ளே, இடது பக்கம், வேப்பமர நிழலில் அவருடைய தள்ளுவண்டி நிற்கும். நாலு மூங்கில் கம்பு, மேலே நீலத் தார்ப்பாய், கரிப் பெட்டி, பெட்டியிலிருந்து எழும் புகை. முன்பு அவர் வண்டி சாலைக்கு எதிர்ப்புறம் ராணுவ மதிலோரம் நின்றது. அங்கே கம்பி வேலி போட்டதும் உள்ளே வந்துவிட்டார். தமிழ் வீடுகளிலேயே துணி வாங்கி வாங்கி அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், தெலுங்கும் ஹிந்தியும் கலந்து. தினமும் காலையில் மாமி தன் பக்கம் போனைத் தூக்குவதை அவர் கவனித்திருந்தார். என்னிடம் ஒரு தடவை கேட்டார்: "ஏம்மா ஹம்ஸினி, அந்த மாமி தினம் போட்டோ எடுக்குது. கைக்கு, எதுக்கு? நம்ம மேல கம்ப்ளைன்ட் போடவா?"

"அய்யோ, நக்கோ, அப்படி இல்ல. குட் மார்னிங் சொல்றதுக்கு."

"குட் மார்னிங்குக்கு வாய் லேதா, வாய் இல்லியா?"

அவர் நம்பவில்லை.

போன மாதம் சங்கத்தில் அந்த மூலையில் பார்சல் வைக்கும் அறை கட்டலாம் என்று பேச்சு வந்தது. யாதம்மாவின் வண்டி போக வேண்டும். ஆனால் கேட் வைத்தபோது போட்ட தீர்மானம் ஒன்று இருந்தது. புதிய கேட் வைத்த நாளில் வளாகத்துக்குள் யார் தொழில் செய்துகொண்டிருந்தார்களோ அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. பழைய வாட்ச்மேனுக்காகப் போட்ட தீர்மானம் அது. அவர் ஊருக்குப் போய்விட்டார், தீர்மானம் இருக்கிறது. ஆகவே கேள்வி ஒன்றுதான். யாதம்மா உள்ளே வந்தது கேட்டுக்கு முன்பா, பின்பா?

முன்பு என்றார் யாதம்மா. பின்பு என்றார் நாராயணஸ்வாமி சார். மற்றவர்களைக் கேட்டால் தலையைச் சொறிந்தார்கள். துணியைக் கொடுத்தோம், வாங்கினோம், எந்த நாளிலிருந்து எந்த இடத்தில் என்று யார் பார்த்தார்கள்? பூஜை அன்று பலரும் போட்டோ எடுத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் எல்லாவற்றிலும் அவரவர் முகம்தான் இருந்தது. கேட்டை முழுசாக எடுத்தது ஒரே ஒருவர்.

வியாழக்கிழமை காலை நாராயணஸ்வாமி சார் குழுவில் அந்தப் பழைய படத்தைப் போட்டார். தோரணம், பூசணிக்காய், வெள்ளை பெயின்ட் அடித்த புதுக் கேட், வேப்பமரம். இடது மூலையில் நந்தியாவட்டை. வண்டி இல்லை. கீழே அவர் எழுதியிருந்தார்: 'போட்டோ எவிடென்ஸ். ஞாயிறு மீட்டிங்கில் முடிவு.'

நான் போனை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். மாமி ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார். காபி ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது.

"மாமி, வண்டி இருந்ததா, இல்லையா?"

"இருந்ததுடி. நான்தான் எடுத்தேன்."

"போட்டோவையா?"

"வண்டியை."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நானும் அவரை நம்பவில்லை. யாதம்மா மேல் இரக்கப்பட்டு இப்படிச் சொல்கிறாரோ என்றுதான் தோன்றியது. படத்தில் செடி அவ்வளவு அழகாக நின்றது.

இருவரும் நாராயணஸ்வாமி சார் வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மாமியைப் பார்த்தார்.

"அஞ்சு வருஷமா நான் எடிட்டடான்னு கேட்டப்போ 'போட்டோதான், போட்டோதான்'னேள். இன்னிக்கு நானே போட்டோன்னு ஒத்துக்கறேன், நீங்க இல்லைங்கறேள்?"

"அந்த மூலையில செடியே கிடையாதே, சார். உங்களுக்குத் தெரியாதா?"

"இப்போ இல்லை. அப்போ இருந்திருக்கலாம். காய்ஞ்சு போயிருக்கும்."

"நான் வரைஞ்சேன்னு நானே சொல்றேன்."

"அசல் இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன மேடம்! இரக்கம் வேற, ரெக்கார்ட் வேற. நல்ல மனசு உங்களுக்கு. ஞாயித்துக்கிழமை பார்ப்போம்."

நல்ல மனசு என்று அவர் சொன்னது மாமிக்கு அடி விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நேரே வீட்டுக்கு வரவில்லை. கீழே யாதம்மாவிடம் போனார்.

யாதம்மாவுக்கு அதற்குள் யாரோ படத்தைக் காட்டியிருந்தார்கள். "பாரு மாமி, போட்டோல நான் இல்லியாம். எல்லாம் சொல்றாங்க" என்றார், இஸ்திரிப் பெட்டியை வைக்காமலேயே.

"நீ இருந்தே. நான்தான் அழிச்சேன்."

யாதம்மாவுக்குப் புரியவில்லை. மாமி அவர் கண் முன்னாலேயே செய்து காட்டினார். வண்டியை ஒரு போட்டோ எடுத்து, மண்ணைத் தொட்டு, சக்கரத்தின் மேல் பூசினார். ஒரு சக்கரம் போனது. யாதம்மா பெட்டியைக் கீழே வைத்தார்.

"நன்னு தீசேசினவா?" என்றார். என்னையா எடுத்துப்போட்டாய் என்று அர்த்தம். பிறகு தமிழில் கேட்டார்: "குப்பையும் இப்படித்தான் எடுப்பியா?"

மாமி ஆமாம் என்றார்.

"அப்போ நான் என்ன அம்மா?"

யாதம்மா வண்டிக்கு அடியிலிருந்து மாமி வீட்டுத் துணிமூட்டையை எடுத்து அப்படியே அவர் கையில் கொடுத்தார். ஒன்றுகூட இஸ்திரி போடவில்லை. அதைச் சுமந்துகொண்டு மாமி மாடி ஏறினார். விஸ்வநாத் மாமா பேப்பரை இறக்கி மூட்டையைப் பார்த்தார். மறுபடி அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அன்று மதியத்திலிருந்து மாமி டேப்லெட்டோடு உட்கார்ந்தார். வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷம் தான் கைவைத்தது வெளியில் தெரியக்கூடாது என்று பாடுபட்டவர், இப்போது எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினார். நானும் கூடத் தேடினேன். சமீபத்துப் படங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. கை தேறிவிட்டது. "சே, எவ்ளோ நன்னா பண்ணித் தொலைச்சிருக்கேன்" என்று திட்டிக்கொண்டார். மற்ற நாட்களில் கிடைத்தாலும் பயனில்லை. கேட் வைத்த நாளின் படத்தில் கிடைக்க வேண்டும்.

அந்தப் படத்தில் செடியை இலை இலையாகப் பார்த்தோம். மண்ணைப் பார்த்தோம். வேப்பமரத்தின் அடியைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. எனக்கு அலுத்துப்போய், படத்தைத் தள்ளிக்கொண்டே கேட்டின் பக்கம் போனேன். புதுக் கேட், பளபளவென்று வெள்ளைத் தகடு. காலை வெயில் இடது பக்கத்திலிருந்து அதன் மேல் விழுந்திருந்தது. தகட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. முதலில் அழுக்கு என்று நினைத்தேன்.

"மாமி, இது என்ன?"

பெரிதாக்கினோம். நீளமான பலகை. அதன் மேல் நாலு குச்சி. குச்சிகளின் மேல் நடுவில் தொய்ந்த ஒரு கூரை. பலகைக்குக் கீழே இரண்டு வட்டம். பலகைக்குப் பின்னால், குனிந்து, ஒரு கையை முன்னால் நீட்டிய ஓர் ஆள்.

வண்டியை அழித்த மாமி நிழலை அழிக்க மறந்திருக்கிறார். வண்டி ஓரிடத்தில், நிழல் வேறிடத்தில். அப்போதெல்லாம் அவருக்கு அது தோன்றவில்லை.

"ஐயய்யோ!" என்றார் மாமி. "இதைப் போய் விட்டிருக்கேனே! அசிங்கம்!" சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தில், அவர் கை பேனாவை எடுத்து, தகட்டின் வெள்ளையைத் தொட்டு, நிழலின் தலையில் வைத்துவிட்டது.

"மாமி! தொடாதீங்க!"

பேனாவைப் பிடுங்கினேன். திரையில் யாதம்மாவின் நிழலுக்குத் தலை போயிருந்தது. பழையபடி ஆக்கும் பொத்தானை அழுத்தினேன். தலை வந்தது. மாமி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது வேறு யாருடைய கையோ மாதிரி.

ஞாயிறு காலை கீழ்த்தளத்தில் கார்களுக்கு நடுவே நாற்காலி போட்டுக் கூட்டம். யாதம்மா தூணோரம் நின்றார். நாராயணஸ்வாமி சார் படத்தை எல்லோர் போனிலும் பார்க்கச் சொன்னார். ஆண்டனி அண்ணன் எழுந்தார்.

"சார், நான் சாட்சி சொல்லுதேன். இந்த ஆன்ட்டி டிரான்ஸ்பார்மரையே அழிச்சவங்க. வண்டி எம்மாத்திரம்?"

"டிரான்ஸ்பார்மர் விஷயம் அஜெண்டாவில் இல்லை, மிஸ்டர் ஆண்டனி. உட்காருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். மாமி எழுந்து டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"எல்லாரும் கேட்டைப் பாருங்கோ. செடியைப் பார்க்காதீங்கோ. நிழலைப் பாருங்கோ. அது செடியோட நிழல்னா, நந்தியாவட்டைக்கு ஏது சக்கரம்?"

எல்லோரும் கையில் போனை எடுத்தார்கள். விரல்களால் போன் திரைகளை விரித்தார்கள். முதலில் ஒரு பெண், பிறகு இன்னொருவர், "அவுனு, அவுனு" என்றார்கள், ஆமாம் ஆமாம் என்று. இஸ்திரி போடும் கை தெரிகிறது என்று யாரோ சொன்னார்கள்.

நாராயணஸ்வாமி சார் அசையவில்லை. "செடியை வரைஞ்சவா நிழலை வரைய மாட்டாளா? நேத்து ராத்திரி உட்கார்ந்து சேர்த்திருக்கலாம்."

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் மாமி அதற்கு யோசித்து வைத்திருந்தார்.

"சார், என் டேப்லெட்டைப் பார்க்க வேண்டாம். உங்க போனைப் பாருங்கோ. மூணு வருஷம் முன்னாடி நான் அனுப்பினது உங்ககிட்டதானே இருக்கு. வியாழக்கிழமை நீங்களே அதைத்தானே போட்டேள்? அதுக்குள்ள வந்து நான் எப்படி வரைவேன்?"

அவர் தன் போனை எடுத்தார். மேலே மேலே தள்ளி, பழைய தேதிக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். வேலையில் இருந்த காலத்தில் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். படத்துக்குக் கீழே அவர் எழுதிய பதிலும் அவர் கண்ணில் பட்டிருக்கும். பக்கத்தில் இருந்த ஆண்டனி அண்ணன் எட்டிப் பார்த்து, "பியூட்டிஃபுல், நேச்சுரல்" என்று சத்தமாக வாசித்தார்.

"சைலன்ஸ் ப்ளீஸ்" என்றார் நாராயணஸ்வாமி சார். அப்புறம் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நிழல் இருக்கு. வண்டி இருந்திருக்கு. தீர்மானப்படி அது அங்கேயே நிக்கும். பார்சல் அறைக்கு வேற இடம் பார்ப்போம். ஆனா ஒண்ணு. இந்த மேடம் போடற எந்தப் படத்தையும் இனிமே சங்கம் சாட்சியா எடுத்துக்காது. மினிட்ஸில் எழுதிக்கோங்கோ."

"எழுதிக்கோங்கோ" என்றார் மாமியும்.

யாதம்மா தூணை விட்டு நகர்ந்து வந்து மாமியின் டேப்லெட்டை வாங்கித் தன் நிழலைப் பார்த்தார். அவர் மகிழ்ந்தாரா, கோபப்பட்டாரா என்று என்னால் சொல்ல முடியாது. "செய்யி உந்தி, மொகம் லேது" என்றார். கை இருக்கிறது, முகம் இல்லை என்று. திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனார். கரி பற்ற வைக்கும் நேரம்.

மறுநாள் குழுவில் காலை வணக்கம் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மாமி நடக்கப் போனார், போனை எடுத்துப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை பால் வாங்க நான் கீழே இறங்கியபோது யாதம்மா மாமியை வழிமறித்து நின்றார்.

"போட்டோ எங்க?"

"வேண்டாம்னு விட்டுட்டேன்."

"எடு. நான் பாத்து சொன்னாத்தான் அனுப்பணும்."

இப்போது அதுதான் நடைமுறை. மாமி எடுப்பார், மேலே போய்ச் சரி பண்ணுவார், கீழே வந்து காட்டுவார். யாதம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை வாங்கி, விரலால் விரித்து, முதலில் தான் இருக்கிறாரா என்று பார்ப்பார். பிறகு வண்டி. பிறகு சக்கரங்களை எண்ணுவார். அவர் தலையாட்டினால்தான் படம் குழுவுக்குப் போகும். கம்பிகள் இல்லாமலும் குப்பை இல்லாமலும் போவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. நாராயணஸ்வாமி சார் பழையபடி 'எடிட்டட்?' என்று போடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் நின்றிருந்தேன். யாதம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவர் கட்டியிருந்தது துவைத்துத் துவைத்து என்ன நிறம் என்றே தெரியாமல் போன ஒரு புடவை. படத்தில் அது பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"இதி நா சீர காது" என்றார். இது என் புடவை இல்லை.

மாமி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார். "கலர் மட்டும் கொஞ்சம்... வெயில்ல வெளிறித் தெரிஞ்சது... மாத்திடறேன்."

யாதம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். வண்டிக்குள்ளிருந்து யாரோ ஒருவருடைய பட்டுப்புடவை மடிப்பை எடுத்து, அதன் ஓரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

"மாத்துறதுனா இந்தப் பச்ச போடு" என்றார்.